பத்தரைக்கு முன், பத்தரைக்குப் பின்

ஜனவரி 5, வெள்ளி

மருந்து அடித்த செடிகளில் இலை பறிக்கும்போது என் விரல் நனைகிறது. மருந்து அடிக்காத செடிகளில் பறிக்கும்போது நனைவதில்லை.

முதலில் மருந்துதான் ஒட்டுகிறது என்று நினைத்தேன். ஆனால் மருந்து அடித்தது செவ்வாய்க்கிழமை. மூன்று நாள் ஈரம் நிற்காது. இது பனி. காலை ஏழு மணிக்குப் பறித்தால் இலையில் பனி இருக்கும், பதினொரு மணிக்குப் பறித்தால் இருக்காது. இதைக் கண்டுபிடிக்க டாக்டர் பட்டம் வேண்டாம். பட்டம் வாங்கிய ஒருவரும் வாங்கப்போகிற ஒருத்தியும் என் பக்கத்தில்தான் நின்றார்கள். இருவர் விரலும் நனையவில்லை. அவர்கள் பறிப்பதில்லை, நான்தான் பறிக்கிறேன்.

பண்ணையில் கழித்துப் போட்ட பதிவேடு ஒன்று கிடைத்தது. பாதிக்கு மேல் வெற்றுத்தாள். இனி இதில் எழுதுவேன். பேசுவதைவிட இது சுலபம்.

ஜனவரி 6, சனி

நேற்று விட்டதை எழுதுகிறேன்.

இது வேர்க்கடலை ஆராய்ச்சிப் பண்ணை. ஞானசம்பந்தம் சார் ஒரு மருந்து செய்திருக்கிறார். அதை அடித்தால் செடி தண்ணீர் இல்லாமல் தாங்குமாம். பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கிற சமயத்தில் இரண்டு தண்ணீரை நிறுத்திவிடலாமாம். இருபத்து நான்கு செடிகளுக்கு எண் கட்டியிருக்கிறோம். பன்னிரண்டுக்கு மருந்து, பன்னிரண்டுக்கு வெறும் தண்ணீர்த் தெளிப்பு; பாசனத்தை இருபத்து நான்குக்கும் ஒரே மாதிரிதான் நிறுத்துகிறோம். இந்த இரண்டாவது பன்னிரண்டை 'கன்ட்ரோல்' என்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருப்பது. வாரம் ஒருமுறை வெள்ளிக்கிழமை எல்லாவற்றிலும் இலை பறித்து, அலுமினியத் தாளில் சுருட்டி, ஆவி பறக்கும் நைட்ரஜன் குடுவைக்குள் போட வேண்டும்.

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். சார் முக்கியமான எதையும் ராகு காலத்தில் தொடமாட்டார். முக்கியமானது மருந்து அடித்த செடி. அதனால் அதை ஏழு மணிக்கே முடித்துவிடுகிறோம். பிறகு சார் குளித்து, பூஜை செய்து, டிபன் சாப்பிட்டு வருகிறார். அதற்குள் பத்தரை ஆகிவிடுகிறது.

“ராகு காலம் வீணாப் போவானேன்? கன்ட்ரோலை அதுல பறிச்சிடுங்க. அதுக்கு என்ன கெட்டுப்போகுது” என்றார்.

பெனிட்டா அக்கா சிரிக்காமல் தலையாட்டினாள். அவள் நாகர்கோவில்காரி, இந்த ஆராய்ச்சியில்தான் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். கழுத்தில் சிலுவை போட்டிருக்கிறாள். அவளுக்கு ராகுவும் கிடையாது, காலமும் கிடையாது. ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவர் சார்.

ஜனவரி 12, வெள்ளி

இலை பறிப்பதைக் குறிக்கும் பதிவேட்டில் நான்கு கட்டங்கள்: செடி எண், குழு, நேரம், பறித்தவர். நேரத்தை நான் கைக்கடிகாரம் பார்த்து எழுதுகிறேன். பறித்தவர் கட்டத்தில் என் பெயரை எழுதப் போனேன்.

“ஏம்மா, அங்க பெனிட்டா பேரைப் போடு. நாளைக்கு யாராவது பார்த்தா, படிக்காத பொண்ணு பறிச்சதுன்னு சொல்லுவாங்க” என்றார் சார்.

போட்டேன். பெனிட்டா, பெனிட்டா, பெனிட்டா. இருபத்து நான்கு முறை.

மதியம் அலுமினியத் தாள் வெட்டிக்கொண்டிருந்தபோது, என்ன செய்கிறோம் என்று அக்கா எனக்குச் சொன்னாள். நான் கேட்கவில்லை. அவளுக்கு யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

“இந்தச் செடிக்குள்ள நாப்பதாயிரம் மரபணு உண்டு மக்ளே. எல்லா மரபணுவும் எல்லா நேரமும் வேலை செய்யாது, கேட்டியா? எது எவ்வளவு வேலை செய்யுதுன்னு எண்ணிப் பாப்போம். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு சராசரி வரும். மருந்து அடிச்ச பன்னெண்டுக்கு ஒண்ணு, அடிக்காத பன்னெண்டுக்கு ஒண்ணு.”

“ரெண்டும் எப்படியும் கொஞ்சம் வேற வேறயாத்தானே இருக்கும்” என்றேன். இந்த மாதம் நான் பேசியதிலேயே நீளமான வாக்கியம் இது.

அக்கா கத்தரிக்கோலை வைத்துவிட்டாள். “அதாக்கும் கேள்வி! அந்தப் பன்னெண்டுக்குள்ளயே ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு சிதறிக் கிடக்குன்னு பாக்கணும். சிதறலை விட, ரெண்டு சராசரிக்கும் உள்ள தூரம் ரொம்பப் பெருசா இருந்தாத்தான் வித்தியாசம்னு சொல்லலாம். அதுலயும் ஒரு சங்கடம் உண்டு. நாப்பதாயிரம் தடவ கேட்டா, சும்மா அதிர்ஷ்டத்துலயே ரெண்டாயிரம் மரபணு கை தூக்கும். அதையும் சலிச்சு எடுக்கணும்.”

நாற்பதாயிரம் மரபணுக்களிடம் கேள்வி கேட்கிறார்கள். இலை பறிக்கிறவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

எல்லா மரபணுவும் எல்லா நேரமும் வேலை செய்யாது என்று அவளே சொன்னாள். தன் வாயால் சொன்னது தன் காதில் விழாத ஆட்கள் இருக்கிறார்கள்.

இந்த மருந்து சரியாக வந்தால் முதலில் எங்கள் ஊரில்தான் போட்டுப் பார்ப்பதாகச் சார் சொல்லியிருக்கிறார். அப்பா இப்போதே தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். வைகாசியில் எங்கள் கிணறு அரை மணி நேரம் இறைத்தால் அடி தெரியும்.

ஜனவரி 14, ஞாயிறு

போகி. பழைய பாயை எரித்தோம். புகையில் அம்மாவுக்கு இருமல்.

ஜனவரி 19, வெள்ளி

பனி அதிகம். தாளைச் சுருட்டும் முன் ஒவ்வொரு இலையையும் தாவணியில் துடைத்தேன். பத்தரைக்குப் பிறகு துடைக்க ஒன்றுமில்லை, இலை காய்ந்து சூடாக இருந்தது.

மதியம் அக்கா பதிவேட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றினாள். செடி எண் அடித்தாள், குழு அடித்தாள். நேரத்தைத் தாண்டிப் போனாள். நான் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தேன்.

“அது வேண்டாம் மக்ளே. எல்லாம் காலையில தானே பறிச்சோம்.”

காலை. ஏழு மணியும் காலை, பதினொன்றேகாலும் காலை. ஒரு செடி ஏழு மணிக்கு அப்போதுதான் மடங்கிய இலையை விரிக்கிறது. பதினொன்றேகாலுக்கு வெயிலில் பாதி வேலையை முடித்துவிடுகிறது. எங்கள் தெருவிலும் அப்படித்தான். ஏழு மணிக்கும் பதினொரு மணிக்கும் யாரும் ஒரே வேலையைச் செய்வதில்லை, சாரைத் தவிர.

சொல்லியிருப்பேன். என் வேலை பறிப்பது மட்டும்தான்.

ஜனவரி 20, சனி

தெளிப்பான் கழுவினேன். மூக்கு அடைத்திருந்ததால் ஊசியால் குத்தினேன்.

மார்ச் 5, செவ்வாய்

மரபணுவை எண்ணச் சொல்லிப் பெங்களூருக்கு அனுப்பியது திரும்பி வந்துவிட்டது. இலை வரவில்லை, எண்கள் வந்தன. அக்கா மூன்று நாளாகக் கணினியை விட்டு எழுந்திருக்கவில்லை. இன்று அறையைவிட்டு ஓடிவந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என்னைக் கட்டிக்கொண்டாள். என் கை முழுக்கச் சோப்பு நுரை.

“மூவாயிரத்து நானூத்திப் பதினெட்டு மக்ளே! சலிச்ச பெறகும் அவ்வளவு நிக்குது!”

சார் இனிப்பு வாங்கி வரச்சொன்னார். பட்டியலில் முதலில் நிற்கும் மரபணுக்களைப் படித்துக் காட்டினாள் அக்கா. எல்லாம் சூரிய வெளிச்சத்தோடு சம்பந்தப்பட்டவை, செடியின் பகல் இரவுக் கணக்கை வைத்திருப்பவை என்றாள். சொல்லும்போதே அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. எனக்குக் கேட்டது. சாருக்குக் கேட்கவில்லை.

சார் கண்ணை மூடி யோசித்தார். பிறகு சொன்னார்: “அப்போ நம்ம மருந்து செடிக்கு விடியலைக் குடுக்குது! வெயில் ஏறினாலும் செடி உள்ளுக்குள்ள விடியக்காலை மாதிரியே இருக்கு. அதான் தாங்குது. எழுதிக்கோ பெனிட்டா, எழுதிக்கோ.”

செடிக்கு விடியலைக் கொடுத்தது மருந்து இல்லை. ஏழு மணி.

எனக்கு ஒரு மைசூர்பாகு கொடுத்தார்கள். நன்றாக இருந்தது.

மார்ச் 20, புதன்

செடி பிடுங்கிக் காய் எடை போட்டேன். மருந்து அடித்த பன்னிரண்டும் அடிக்காத பன்னிரண்டும் ஏறக்குறைய ஒரே எடை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சாரிடம் தாளைக் கொடுத்தேன்.

“காய் எடை ஆயிரம் காரணத்தால மாறும்மா. மரபணு பொய் சொல்லாது.”

அது உண்மை. மரபணு பொய் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்காமலே மணியைச் சொன்னது.

ஏப்ரல் 3, புதன்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விவசாயிகள் கூட்டம். நான் படித்த பள்ளிக்கூடம்தான். சார் திரையில் படம் காட்டினார். சிவப்புப் புள்ளிகள் ஒரு பக்கம், நீலப் புள்ளிகள் ஒரு பக்கம், நடுவில் ஒன்றுகூட இல்லை. “பார்த்தீங்களா, ரெண்டு குழுவும் எப்படிப் பிரிஞ்சு நிக்குது!” என்றார். ஊரே வாயைப் பிளந்தது. சிவப்பு ஏழு மணி, நீலம் பதினொரு மணி. பிரியாமல் என்ன செய்யும்?

யார் நிலத்தில் போட்டுப் பார்க்கலாம் என்று கேட்டதும் முதல் கை அப்பாவுடையது. ஒன்றரை ஏக்கரும். நான்கு பாத்தி மட்டும் மருந்தில்லாமல் ஒப்பிட்டுப் பார்க்க. அந்த நான்குக்கு வழக்கம்போலத் தண்ணீர். மற்றதற்கு விழுது இறங்கும்போது தண்ணீர் கிடையாது.

நான் கடைசி வரிசையில் நின்றேன். கைதூக்கிப் பேசலாம் என்று ஒருவர் சொன்னார். பெண்களும் பேசலாம் என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா, “இன்னா பாப்பா, ஒங்க சாரு எப்டி பேசினாரு பாத்தியா? இந்த வருசம் மல்லாட்ட கிணத்த நம்பி இல்ல” என்றார். வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். நான் ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 4, வியாழன்

நேற்று நின்ற அதே அறையில்தான் நான் ஒன்பதாம் வகுப்பு படித்தேன். எழுதுமளவுக்குப் பெரிய விஷயமில்லை. ஒரு கணக்கை என் வழியில் போட்டேன், விடை சரி. காப்பி அடித்தாயா என்று கேட்டார் கணக்கு வாத்தியார். இல்லை என்றால் பலகையில் வந்து சொல்லிக்கொண்டே போடு என்றார். போடத் தெரியும், சொல்ல வரவில்லை. சாக்கட்டியோடு நின்றேன். நாற்பத்தொரு பேர் சிரித்தார்கள். எண்ணினேன், ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அன்று காய்ச்சல்.

மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும்.

ஏப்ரல் 21, ஞாயிறு

எங்கள் நிலத்தில் விதைப்பு. காக்கை ஓட்டினேன்.

மே 21, செவ்வாய்

மருந்து அடித்தோம். அப்பா தெளிப்பானை முதுகில் மாட்டும் முன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஞானசம்பந்தம் சார் கிழக்கு பார்த்து நிற்கச் சொன்னார்.

மே 24, வெள்ளி

இன்றிலிருந்து தண்ணீர் நிறுத்தம். ஒன்றரை ஏக்கரில் நான்கு பாத்திக்கு மட்டும் வாய்க்காலில் தண்ணீர் போகிறது. மற்ற பாத்திகளைத் தாண்டித்தான் போகிறது. மடையெல்லாம் அடைத்திருக்கிறது.

மே 27, திங்கள்

பெனிட்டா அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

வாயால் இல்லை. ஜனவரிப் பதிவேட்டை எடுத்துப்போய் அவள் மேசையில் திறந்து வைத்தேன். நேரம் கட்டத்தை மட்டும் விட்டு மற்றதைத் தாளால் மறைத்தேன். 7.05, 7.11, 7.18. பிறகு தாளைக் கீழே இழுத்தேன். 10.40, 10.47. பிறகு குழுவைக் காட்டினேன்.

அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. படித்தவள்தான். முகம் வெளுத்துவிட்டது.

“எல்லா வாரமுமா?”

தலையாட்டினேன்.

“ஒரு செடியாவது மாறிப் பறிச்சியா மக்ளே? மருந்து அடிச்சது ஒண்ணாவது பத்தரைக்குப் பெறகு?”

இல்லை என்றேன்.

“ஒண்ணு மாறியிருந்தாக்கூட நேரத்தையும் கணக்குல சேத்து, மருந்தைத் தனியா பிரிச்சுப் பாக்க ஒரு வழி இருக்கும். இது மருந்துன்னா ஏழு மணி, ஏழு மணின்னா மருந்து. எந்தக் கணக்குப் போட்டாலும் பிரியாது.” தலையைப் பிடித்துக்கொண்டாள். “நீ ஏன் அப்பவே சொல்லல?”

ஜனவரியில் விரலை வைத்துக் காட்டியது அவளுக்கு ஞாபகமில்லை. ஞாபகம் இருந்தாலும், விரலை வைப்பது சொல்வதாகாது.

“சார்ட்ட நான் பேசுகேன்” என்றாள்.

ஜூன் 3, திங்கள்

ஒரு வாரமாகிறது. அவள் பேசவில்லை. என்னைப் பார்த்தால் கைபேசியைப் பார்க்கிறாள்.

நிலம் போய்ப் பார்த்தேன். மருந்து அடித்த பாத்தியில் ஒன்பது மணிக்கே இலை தொங்குகிறது. விழுது மண்ணைத் தொட்டு நிற்கிறது, உள்ளே இறங்க முடியவில்லை. மண் ஓடு மாதிரி ஆகிவிட்டது. நான்கு பாத்தியில் மட்டும் பச்சை.

சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். “அந்த மருந்து வேல செய்யுதான்னு அவங்களுக்கே தெரியாதுப்பா. தண்ணி வுடு.”

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “டாக்டரு படிச்சவரு தெரியாமயா செய்வாரு? ஊரு முன்னாடி கைய தூக்கிட்டு நான் பாதியில வுட்டுட்டா இன்னா பேசுவானுங்க? நீ இன்னாத்த கண்ட? ஒம்போதாவது கூட...”

முடிக்கவில்லை. அம்மா அவருக்கு ரசம் ஊற்றினாள். அவருக்கும் தெரிகிறது. தினமும் மூன்று முறை நிலத்துக்குப் போய்வருகிறார். ஊரில் நான்கு பேர் சிரிப்பார்கள் என்று ஒன்றரை ஏக்கரைக் காயவிடும் ஆள். இப்படிப்பட்டவரை என்னவென்று சொல்வது?

எழுதியதைத் திரும்பப் படித்தேன். கோடு போட்டு அடிக்கவில்லை, இருக்கட்டும்.

ஜூன் 6, வியாழன்

அக்கா என்னைக் குழாயடிக்குக் கூப்பிட்டாள்.

“நாளைக்கு ஒங்க நெலத்துல இலை பறிக்க வருவோம். இந்த ஒரு தடவ மட்டும் விட்டுரு மக்ளே. இந்த மாசம் எனக்க தீசிஸைக் குடுக்கணும். நாலு வருசம். குடுத்த பெறகு நானே சார்ட்ட சொல்லுகேன், சத்தியமாட்டு.”

“மருந்து வேலை செய்யாதா அக்கா?”

“செய்யலாம், செய்யாம இருக்கலாம். தெரியாது. அதுதான் உண்மை.”

“தெரியறவரைக்கும் விழுது காத்திருக்காது” என்றேன்.

அவள் அழுதாள். அழுவதற்கு அவளுக்கு நான்கு வருடம் இருக்கிறது. விழுதுக்கு நான்கு நாள்கூட இல்லை.

ஜூன் 7, வெள்ளி

ஏழு மணிக்கு வந்தார்கள். மருந்து அடித்த பாத்திகளில் பன்னிரண்டு செடியில் இலை பறித்தேன். பனி இல்லாத மாதம், விரல் நனையவில்லை. முடிந்ததும் சார் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் குளித்தார். அம்மா இட்லி வைத்தாள். ஏழு சாப்பிட்டார். பத்தரைக்குக் கொஞ்சம் முன் மும்முனை மின்சாரம் வந்ததும் அப்பா மோட்டாரைப் போட்டார். நான்கு பாத்திக்குத் தண்ணீர் போகத் தொடங்கியது.

பத்தரைக்கு மீண்டும் வரப்பில் வந்து நின்றோம். வாடிய செடிகளைப் பார்த்துச் சார், “இது வாட்டம் இல்ல ஏழுமலை. செடி தண்ணியை மிச்சம் பிடிக்குது. இன்னும் பத்து நாள் தண்ணி காட்டாதே” என்றார்.

“அப்டிங்களா சார்” என்றார் அப்பா. குனிந்து ஒரு செடியின் கீழே மண்ணை நகத்தால் கீறினார். நகம் இறங்கவில்லை. நிமிர்ந்து சாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“ராகு காலம் வந்தாச்சு. கன்ட்ரோலை ஆரம்பிம்மா” என்றார் சார்.

அலுமினியத் தாளைப் பெனிட்டா அக்காவின் கையில் கொடுத்தேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கினேன். மருந்து அடித்த முதல் பாத்தியின் மடையை வெட்டினேன்.

“ஏய், ஏய்! என்ன பண்றே நீ? ஏழுமலை, உன் பொண்ணு என்ன பண்றா பாரு!”

அப்பா வரப்பிலேயே நின்றார். இரண்டாவது மடையை வெட்டினேன். மூன்றாவதை வெட்டும்போது தண்ணீர் முதல் பாத்தியின் கடைசிவரை போயிருந்தது.

மேலே ஏறி, தாவணியில் கையைத் துடைத்து, அக்காவிடமிருந்து பதிவேட்டை வாங்கினேன். மருந்து அடித்த பாத்திகள், தண்ணீர் விட்டது என்று எழுதினேன். நேரம் கட்டத்தில் 10.52. கடைசிக் கட்டத்தில் என் பெயரை, சங்கவி என்று எழுதினேன்.